சித்தப்பாவுக்காகப் பூசிய சுவர்

என் வயதுக்காரர்களுக்கு ஒன்று சொல்கிறேன். உங்கள் மகனோ மருமகளோ புது வீடு கட்டி, வெளிப்பூச்சு முடிந்த கையோடு வர்ணம் அடிக்க ஆள் கூப்பிட்டால், குறுக்கே போய் நில்லுங்கள். உனக்கென்ன தெரியும் என்பார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும்.

நான் நாலு பேர் முன்னால் வாய் திறக்கிறவள் இல்லை. கல்யாண மண்டபத்துக்குப் போனால் இன்றைக்கும் தூண் மறைவில் நாற்காலி தேடுகிறவள். ஆனால் சுவர் என்று வந்துவிட்டால் எனக்குப் பயமில்லை. போன மாதம் என் மகன் வீட்டில் பெயிண்டர் ஏணியைச் சாய்த்தபோது, "அடுத்த மாசம் வாங்க" என்று நான்தான் சொல்லி அனுப்பினேன். அவர் இந்திக்காரர். பேச்சு புரிந்ததோ இல்லையோ, என் முகத்தைப் பார்த்துவிட்டு ஏணியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

"ஏம்மா, வெயில் இந்தக் காய் காயுதே" என்றான் மகன்.

"வெயில் காயுது. செவுரு காயல" என்றேன்.

இந்தத் தைரியம் பள்ளிக்கூடத்தில் வந்தது அல்ல. அங்கே நான் ஐந்தாவதோடு நின்றுவிட்டேன். சித்தப்பாவுக்குப் பெண் தேடிய வருசத்தில் வந்தது.

அப்போது நாங்கள் திருப்பூரில் ஆற்றுப் பக்கம் குடியிருந்தோம். அப்பா சலவைப் பட்டறையில் மேஸ்திரி. பனியன் துணி மிசினிலிருந்து இறங்கும்போது வெள்ளையாக இருக்காது என்பது உங்களில் பலருக்குத் தெரியும். பழுப்பாக, மிசின் எண்ணெய் நாற்றத்தோடு வரும். அதைத் தொட்டியில் வேகவைத்து, பிளீச்சிங் பவுடர் கரைத்த தண்ணீரில் முக்கி, அலசி, நீலம் போட்டுக் களத்தில் விரிப்பார்கள். பொழுது ஏறினால் களத்தைப் பார்க்கக் கண் கூசும். அப்பா ஒவ்வொரு துணியாகப் புறங்கையால் தொட்டுக்கொண்டே போவார். "காஞ்சுது, எடு. இது காயல, கெடக்கட்டும்." அவர் சொன்னால் பட்டறையில் மறுபேச்சு கிடையாது.

அப்பாவின் தம்பிதான் சித்தப்பா. அவரும் அதே பட்டறை. எங்களோடுதான் இருந்தார். கேட்டால் பதில் சொல்வார், கேட்காவிட்டால் அதுவும் இல்லை. வயது ஏறிக்கொண்டே போயும் கல்யாணம் அமையவில்லை.

எங்கள் பக்கத்து வழக்கம் ஒன்று உண்டு. பெண்ணைப் பார்த்துப் பேசிய பிறகு, பெண் வீட்டார் மாப்பிள்ளை வீட்டைப் பார்க்க வருவார்கள். பிடித்துப்போனால் இலையில் உட்கார்ந்து சாப்பிடுவார்கள். கை நனைத்துவிட்டால் சம்பந்தம் முடிந்தது என்று அர்த்தம். பிடிக்காவிட்டால் தண்ணீரை மட்டும் குடித்துவிட்டு, "சொல்லி அனுப்பறோங்க" என்று ஒரு கும்பிடு போட்டுக் கிளம்புவார்கள். அப்படிச் சொல்லிப் போனவர்கள் ஒருவரும் சொல்லி அனுப்பியதில்லை.

ஒரு பெண் வீட்டார் எங்கள் வீட்டு மண்சுவர் வயிறு தள்ளி நிற்பதைப் பார்த்துவிட்டு அந்தக் கும்பிடு போட்டார்கள். இன்னொரு வீட்டார் எங்கள் வீடுவரைக்கும்கூட வரவில்லை. வழியிலேயே சித்தப்பாவைப் பார்த்துவிட்டார்கள். அவர் தண்ணீர் தூக்கிக்கொண்டு வந்தார்.

தண்ணீர்க் கதையைச் சொன்னால்தான் இது விளங்கும். நாலைந்து வீடு சேர்ந்த எங்கள் வளவுக் கிணற்றில் உப்புத்தண்ணீர். நல்ல தண்ணீருக்குத் தோட்டத்துக் கிணறு வரை நடக்கவேண்டும். அது பெண்கள் வேலை. தம்பி பிறந்த பிறகு அம்மாவுக்கு இடுப்பு சரியில்லாமல் போய்விட்டது. ஒருநாள் அம்மா குடத்தோடு வழியில் உட்கார்ந்துவிட்டதைச் சித்தப்பா பார்த்தார். மறுநாள் விடிகாலை ஒரு மூங்கில் கழியின் இரண்டு முனையிலும் சீமெண்ணெய் டின்னைக் கட்டித் தோளில் போட்டுக்கொண்டு அவரே போனார். பிறகு தினமும் போனார். கிணற்றடியில் பெண்கள் விடுவார்களா? "அந்த ஊட்டுப் பெரிய மருமவ வந்துருச்சு, வழி வுடுங்க" என்பார்கள். சித்தப்பா சிரிக்கவும் மாட்டார், கோபிக்கவும் மாட்டார். டின்னை நிறைத்துக்கொண்டு நடப்பார். எண்ணெய் போய்த் தகரம் மட்டும் மணக்கும் அந்த டின்களை இப்போது யார் வீட்டிலும் பார்க்க முடியாது.

"ஊட்டுக்குத் தண்ணி செமக்கறவனாமா. அவனுக்கெப்படிப் பொண்ணக் குடுக்கறது" என்று அந்தப் பெண் வீட்டார் சொன்னதாகத் தரகர் வந்து சொன்னார். அப்பா அன்றைக்குச் சாப்பிடவில்லை. தம்பிமேல் அவருக்கு உயிர். அதனால்தான் கோபமும் அவ்வளவு. "இனிமே காவடி தூக்காதே" என்றார். சித்தப்பா "சரிங்கண்ணா" என்றார். மறுநாள் இன்னும் இருட்டோடு எழுந்து போய் வந்தார்.

அப்பாவுக்கு ஒரு முடிவு தோன்றியது. மண்சுவரை இடித்துவிட்டு முன்னாலும் பின்னாலும் செங்கல் சுவர் எழுப்பி, சிமெண்டுப் பூச்சுப் பூசி, முன்சுவருக்குப் பட்டறை ஆபீசில் இருப்பது மாதிரி பளபளவென்று ஆயில் பெயிண்ட் அடித்துவிடுவது. அப்புறம் எவன் கும்பிடு போட்டுப் போகிறான் என்று பார்க்கலாம்.

கொத்தனார் பூசி முடித்துக் கரணையைக் கழுவும்போது சொன்னது எனக்கு நினைவிருக்கிறது. "இது மொதல்ல நல்லா நனையோணும். அப்பறம் நல்லா காயோணும். ரெண்டுலயும் அவசரம் ஆகாதுங்க. உப்புத்தண்ணிய ஊத்திப்போடாதீங்க, செவுத்துல உப்புப் பூத்துரும்."

நல்ல தண்ணீர் என்றால் மறுபடி சித்தப்பாவின் டின்தான். அம்மா பனியன் கம்பெனியிலிருந்து வெட்டுத்துணி ஒரு மூட்டை கொண்டுவந்தார். கழுத்தும் அக்குளும் வெட்டி எறிந்த துண்டுகள். அவற்றை நீளமாக முடிந்து சுவர் முழுக்கத் தொங்கவிட்டு, சித்தப்பா காலையிலும் மாலையிலும் நனைத்தார். சாக்கு என்றால் சீக்கிரம் காய்ந்துவிடும், பனியன் துணி தண்ணீரைப் பிடித்துவைத்துக்கொள்ளும். பார்க்க எங்கள் வீடு எச்சில் ஒழுகுகிற குழந்தை மாதிரி இருக்கும். நானும் தம்பியும் அதனடியில் உட்கார்ந்தால் வெயில் தெரியாது. சிமெண்டு வாசமும் ஈரப் பருத்தி வாசமும் சேர்ந்து மூக்கில் ஏறும். குடிக்கத் தண்ணீர் இல்லாத ஊரில் சுவருக்கு நல்ல தண்ணீரா என்று பக்கத்து வீட்டார் வைதார்கள். அது நியாயம்தான். ஆனாலும் அந்தப் பூச்சில் மயிரிழை வெடிப்புக்கூட விழவில்லை.

நனைத்து முடித்துத் துணியை எடுத்தார்கள். இனி காயவேண்டியதுதான் பாக்கி. அப்போதுதான், மூலனூரில் சித்தப்பாவுக்குப் பார்த்துப் பேசியிருந்த பெண் வீட்டிலிருந்து செய்தி வந்தது. பெண்ணின் அம்மாவும் தாய்மாமனும் ஆடி பிறப்பதற்குள் வீடு பார்க்க வருகிறார்கள். ஆடி பிறந்துவிட்டால் நல்ல காரியம் பேசமாட்டார்கள். அப்புறம் ஆவணிதான். அதற்குள் யார் யார் என்ன சொல்லிக் கலைப்பார்களோ.

ஆனிக் காற்று எங்கள் ஊரில் எப்படி அடிக்கும் என்று உங்களுக்குத் தெரியும். பாலக்காட்டுக் கணவாயிலிருந்து புறப்பட்டு வந்து கொடியில் கிடக்கும் சேலையை அடுத்த வீதியில் கொண்டுபோய்ப் போட்டுவிடும். அப்பா முன்சுவரைப் புறங்கையால் தொட்டார். கீழே தொட்டார், மேலே தொட்டார்.

"காஞ்சுது" என்றார்.

"ஏனுங்க, கொத்தனாரு இன்னும் நாளாகோணும்னு சொன்னாருங்களே" என்றார் அம்மா.

"இந்தக் காத்துக்குப் பீஸ் பீசாத் துணி மத்தியானத்துக்குள்ள காயுது. ஒரு செவுரு காயாதா?"

"துணிக்கு ரெண்டு பக்கமும் காத்துங்க. செவுத்துக்கு ஒரு பக்கந்தானுங்க."

"காய வெக்கறதப் பத்தி எனக்குச் சொல்லித் தர்றியா?" என்றார் அப்பா. அதோடு பேச்சு முடிந்தது. பட்டறையே கேட்கிற வாய் அது. வீட்டில் மட்டும் யார் எதிர்த்துப் பேசுவது?

பெயிண்டர் வந்து பிரைமர் என்று வெள்ளையாக ஒரு கை அடித்தார். அது காய்ந்ததும் இளம்பச்சை. ஆகா, என்ன பளபளப்பு! நான் என் முகம் தெரிகிறதா என்று பார்த்தேன், மசமசவென்று தெரிந்தது. தெருவில் போகிறவர்கள் நின்று பார்த்தார்கள். அப்பா பீடியைப் பற்றவைக்கக்கூட மறந்து நின்றார். பின்சுவருக்குப் பெயிண்ட் வாங்கவில்லை. "பொறகால யாரு வந்து பாக்கப்போறாங்க" என்றார்.

அவர்கள் வருகிற அன்று காலையில் அம்மா வாசல் தெளிக்கப் போனவர் அப்படியே நின்றுவிட்டார். சுவர் முழுக்கக் கொப்புளம். எண்ணெயில் போட்ட அப்பளம் மாதிரி அங்கங்கே உப்பிக் கிடந்தது. தம்பி ஒன்றைக் குத்தினான். உள்ளேயிருந்து தண்ணீர் வழிந்து அவன் முழங்கை வரை ஓடியது.

அப்பா யாரையும் வையவில்லை. அதுதான் எங்களுக்குப் பயமாக இருந்தது. பட்டறைக்கு ஓடி, வெளுத்த பனியன் துணியைத் தோளில் சுமந்துகொண்டு வந்தார். கூரையின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை கயிறு கட்டி, சுவரை மறைத்துத் துணியைத் தொங்கவிட்டார். சலவைக்காரன் வீட்டில் துணி காய்வதில் என்ன அதிசயம் என்று யோசித்திருக்கிறார். பிறகு எங்களைக் கூப்பிட்டு வைத்துச் சொன்னார்.

"செவுத்துப் பேச்சு வேண்டாம். தண்ணிப் பேச்சு வேண்டவே வேண்டாம். காவடியெங்க?"

சித்தப்பா கழியையும் டின்களையும் கொல்லையில் விறகுக்கு அடியில் தள்ளினார். என்னிடம் துணியின் முனையைக் கொடுத்து, "காத்துல பறக்காம புடிச்சுக்க கண்ணு. யாரு கேட்டாலும் வாயத் தொறக்காதே" என்றார் அப்பா. அந்த வேலைக்கு என்னைவிடப் பொருத்தமான ஆள் அந்த வீட்டில் இல்லை.

மூலனூர்க்காரர்கள் பஸ்ஸில் வந்து இறங்கினார்கள். தாய்மாமன் சிரித்த முகம், வெள்ளைச் சட்டை, கையில் குடை. பெண்ணின் அம்மா ஒல்லியாக, கழுத்தைத் திருப்பாமல் உடம்போடு சேர்ந்தே திரும்பினார். உச்சந்தலையில் வட்டமாக முடி இல்லை.

"சலவப் பட்டறையவே ஊட்டுக்குக் கொண்டாந்துட்டீங்களாட்ட இருக்குதுங்க" என்றார் தாய்மாமன்.

"அவசர ஆர்டருங்க" என்றார் அப்பா.

அவர் சொல்லி வாய் மூடவில்லை, காற்று வந்தது. நான் பிடித்துக்கொண்டுதான் இருந்தேன். ஆனால் நடுத்துணி உப்பிப்போய்ச் சுவரில் அப்பியது. காயாத பெயிண்டில் நன்றாக ஒட்டிக்கொண்டது. அடுத்த வீச்சில் காற்று அதைத் திருப்பி இழுத்தது. துணியோடு சேர்ந்து இளம்பச்சைத் தோல் சர்ரென்று உரிந்து வந்தது. எருமைத்தோல் அகலத்துக்குச் சுவர் அம்மணமாக நின்றது. சாம்பல் நிறத்தில் வேர்த்துப்போய் இருந்தது.

அப்பாவின் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"பெயிண்டு மட்டமுங்க" என்றார் அப்பா. "அந்தப் பெயிண்டர் ஏமாத்திப்போட்டானுங்க."

"இருக்குமுங்க, இருக்குமுங்க" என்று தாய்மாமன் மரியாதையாகச் சொன்னார். குடையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார். கும்பிடு போடக் கையை ஒழித்துக்கொள்கிறார் என்று எங்கள் எல்லோருக்கும் விளங்கியது. சித்தப்பா தரையைப் பார்த்தபடி நின்றார். உள்ளே அம்மா சமைத்து வைத்திருந்த அரிசியும்பருப்பும் சோற்றின் வாசம் வந்துகொண்டிருந்தது.

"கை கால் கழுவோணும்" என்றார் பெண்ணின் அம்மா. என்னைச் சொம்போடு கொல்லைக்கு அனுப்பினார்கள்.

அவர் முகம் கழுவிவிட்டுப் பின்சுவரைப் பார்த்தார். பெயிண்ட் படாத சுவர். இரண்டு மூன்று வெட்டுத்துணி நூல் இன்னும் அதில் ஒட்டியிருந்தது. கிட்டே போய் உள்ளங்கையால் பட்டென்று ஒரு அடி அடித்தார். விரலால் கோடு இழுத்துப் பார்த்தார்.

"தண்ணிய நல்லாக் குடிச்ச செவுரு" என்று தனக்குத்தானே சொன்னார். பிறகு நாக்கில் சொம்புத் தண்ணீரைத் தொட்டுவைத்துப் பார்த்தார். அம்மா விருந்தாளிக்கென்று நல்ல தண்ணீரை ஊற்றியிருந்தார். "உங்க கெணத்துத் தண்ணி உப்புன்னாங்களே. இது எங்கிருந்து கண்ணு வருது?"

நான் தோட்டத்துப் பக்கம் கையைக் காட்டினேன்.

"அத்தன தூரமா? செவுத்துக்குமா அங்கிருந்து? உங்கம்மாவுக்கு இடுப்பு நோவுன்னாங்க. யாரு தூக்குனது?"

யார் கேட்டாலும் வாயைத் திறக்காதே என்று அப்பா சொல்லியிருந்தார். வழக்கமாக எனக்கு அப்படிச் சொல்லவே வேண்டியதில்லை. ஆனால் அந்த அம்மாளின் கழுத்தைப் பார்த்தேன். அது அசையவே இல்லை. என்னமோ தெரியவில்லை, வாய் தானாகத் திறந்துகொண்டது.

"சித்தப்பாங்க."

நான் போய் விறகை விலக்கிக் கழியை இழுத்துக் காட்டினேன். மூங்கிலின் நடுவில் தோள் பட்ட இடம் வழுவழுவென்று பழுத்திருந்தது. அந்த இடத்தைக் கட்டைவிரலால் மெதுவாகத் தடவிப் பார்த்தார்.

கழியைக் கையில் பிடித்துக்கொண்டே முன்வாசலுக்கு வந்தார். அப்பா அதைப் பார்த்ததும் கண்ணை மூடிக்கொண்டார்.

"இந்த ஊட்ல தண்ணி யாருங்க தூக்கறது?" என்றார் பெண்ணின் அம்மா.

"பொம்பளைங்கதானுங்க" என்றார் அப்பா.

அவர் அப்பாவைப் பார்க்கவில்லை. சித்தப்பாவைப் பார்த்தார். சித்தப்பா ஒருமுறை அண்ணனைப் பார்த்தார்.

"நாந்தானுங்க" என்றார்.

"ஊருக்குள்ள சிரிக்க மாட்டாங்களா?"

"சிரிப்பாங்க."

"நாளைக்கு ஒருத்தி வந்தப்பறம்?"

சித்தப்பா யோசித்தார். "அவிய வந்தா இன்னொரு நடை சேத்திப் போகோணுமுங்க" என்றார்.

தாய்மாமன் சிரித்துவிட்டார். பெண்ணின் அம்மா சிரிக்கவில்லை. முந்தானையை எடுத்துக் கண்ணை ஒற்றிக்கொண்டார். "நாங்க தலைல கொடத்தோட கெணத்துக்கும் ஊட்டுக்கும் நடந்தே கெழவியானவங்க" என்று தன் தம்பியான அந்தத் தாய்மாமனிடம் சொன்னார். பிறகு உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார். "அம்மிணி, எலையப் போடுங்க."

அம்மா இலையை நறுக்கப் போய், அரிவாள்மணையில் விரலை வெட்டிக்கொண்டு, சுவரை மறைத்த அந்தப் பனியன் துணியையே கிழித்துச் சுற்றிக்கொண்டு பரிமாறினார். எதைப் பார்த்து ஊர் சிரித்ததோ அதை விறகடியில் ஒளித்தோம், எதைப் பார்த்து ஊர் மெச்சியதோ அதை வாசலில் வைத்தோம். இரண்டும் தப்பு என்று எனக்கு இந்த வயதில் தெரிகிறது. அன்றைக்கு அப்பா மனசில் என்ன ஓடியதோ.

ஆவணியில் கல்யாணம். பெயிண்டையெல்லாம் சுரண்டி எடுத்துவிட்டு, சாம்பல் சுவரில் மாவிலை கட்டித்தான் நடந்தது. சித்தி வந்தார். வந்த புதிதில் என்னைப்போலவே கதவோரம் நிற்பார். எனக்கு அவரை உடனே பிடித்துப்போயிற்று.

ஐப்பசி மழை விட்டதும் அப்பா மறுபடி பிரஷ்ஷும் டப்பாவுமாக வந்து நின்றார். புறங்கையால் தொட்டுப் பார்த்தார். "இப்பக் காஞ்சுது" என்றார்.

சித்தி கதவோரத்திலிருந்து இறங்கி வந்தார். புருசனின் அண்ணனுக்கு நேரே நின்று பேசக் கூச்சம், அதனால் சுவரிடம் போனார். தலையைச் சாய்த்துக் கன்னத்தைப் பூச்சில் வைத்துக்கொண்டு நின்றார்.

"இன்னும் ஈரமிருக்குதுங்க மாமா."

சித்தப்பா டின்னை இறக்கிவைத்துவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்பா தன் கையைத் திருப்பிப் பார்த்தார். பிளீச்சிங் தண்ணீரில் ஊறி ஊறி, தோல் வெளுத்துத் தடித்துப்போன கை. கொதிக்கிற தொட்டியில் துணியை அந்தக் கையாலேயே புரட்டுவார், சூடு தெரியாது. துணி காய்ந்ததைக்கூடத் தொட்டா கண்டுபிடித்தார், அல்லது கண்ணால் பார்த்தா? அவருக்கே அன்றைக்குத்தான் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

தலைத்துண்டை அவிழ்த்தார். சித்தி நின்ற இடத்துக்குப் பக்கத்தில் போய், எங்கள் எல்லோர் முன்னாலும், கன்னத்தைச் சுவரில் வைத்தார். தூங்குகிறவர் மாதிரி கண்ணை மூடிக்கொண்டு நின்றார்.

"ஆமா" என்றார். "சில்லுன்னு இருக்குது."

டப்பாவை மூடிவிட்டுச் சித்தியிடம் கொடுத்தார். "காஞ்சதும் நீயே சொல்லு."

சித்தி தை பிறந்த பிறகுதான் சொன்னார்.